காக்கைத்துறையின் வயது

க்ரேயன்ஃபுர்ட்,
11 பிப்ரவரி 1973

அன்புள்ள தம்பி லோத்தருக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் சீக்ரிட்டும் ஹாம்பர்க்கில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்குப் பனி விழும் நாட்களில் இடது முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. வாய் எப்போதும்போல் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு செய்தி. சின்ன ஊர்களையெல்லாம் அரசாங்கம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறதல்லவா? நம்மையும் ஸ்டைன்ரோடேயையும் ஒரே ஊராக்கப் போகிறார்கள். யார் பெயர் நிலைப்பது என்பதில்தான் சண்டை. இரண்டில் எது பழையதோ அதன் பெயரை வைக்கலாம் என்று மாவட்டக் குழு சொல்லிவிட்டது. பேக்கரி வரிசையில் நிற்பவர்கள்கூட இப்போது பதின்மூன்றாம் நூற்றாண்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மேயர் டிப்பெல் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். நில அளவை அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆப்பிள் கேக் செய்தேன். நல்ல கோப்பைகளை இறக்கினேன். ஊரைப் பற்றி நான் குறித்து வைத்திருக்கும் நோட்டுகளையும் மேசை ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தேன். மனிதர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "ரோஸ்விதாம்மா, நம்ம ஊருக்கு ஒரு வரலாறு எழுதியாகணும்" என்றார்.

"ஆமாம், எழுதணும்" என்றேன்.

"ரேடியோவில பேசுறாரே உங்க தம்பி, அவரு முகவரி வேணும். பேராசிரியர் பேரு அட்டையில இருந்தா ஸ்டைன்ரோடேக்காரன் வாயத் திறப்பானா?"

"எம் புள்ளைன்னா சும்மாவா!" என்று அம்மா மூன்றாவது துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

முகவரியை எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து மிக அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரோஸ்விதா


ஹாம்பர்க்,
25 பிப்ரவரி 1973

அன்புள்ள ரோஸ்விதா,

இருமல் போய்விட்டது. சீக்ரிட் உன்னை விசாரித்தாள். அம்மாவைக் குளிரில் வெளியே விடாதே.

மேயரின் கடிதம் வந்தது. ஒப்புக்கொண்டேன். எத்தனையோ ஊர்களின் வரலாற்றைப் பேசியாகிவிட்டது. பிறந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இரவல் வாங்கிய சட்டைகளையே இத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்ததுபோல் இருக்கிறது.

நீ பொழுதுபோக்காக ஏதேதோ குறித்து வைத்திருப்பாயே, அந்த நோட்டுகளை அனுப்பி வைக்க முடியுமா? நீ எடுத்து வைத்திருப்பதில் பாதி எனக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனாலும் எங்கே தேடுவது என்ற வழியாவது தெரியும். இன்னொரு சந்தேகம்: பழைய தேவாலயத்தின் அடித்தளம் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது, ஊர் வலக்கரையில் இருக்கிறது. ஏன்? ரயில் ஏன் நமக்கு வராமல் ஸ்டைன்ரோடேக்குப் போனது? நீ அங்கேயே இருப்பவள். கேட்டுச் சொல்.

கோடைக்குள் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
லோத்தர்


க்ரேயன்ஃபுர்ட்,
18 மார்ச் 1973

அன்புள்ள லோத்தருக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மா உன் கடிதத்தை மாடி வீட்டு அம்மாளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். இரண்டாம் முறை படிக்கும்போது அதில் இல்லாத பாராட்டுகளையும் சேர்த்துப் படித்தாள்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் முதலில் இடக்கரையில்தான் இருந்தது. எர்லே ஆறு அகன்று ஆழம் குறைந்து ஓடும் இடம் அது. உப்பு வண்டிகள் அங்கேதான் கடந்தன. சக்கரங்களிலிருந்து சிந்துவதைப் பொறுக்கக் காக்கைகள் இறங்கும். அதனால்தான் காக்கைத்துறை என்ற பொருளில் ஊருக்கு இந்தப் பெயர். 1342 ஜூலை வெள்ளத்தில் இடக்கரை முழுவதும் போயிற்று. பிழைத்தவர்கள் கருங்கல் குன்றின் அடிவாரத்தில் வலக்கரையில் ஏறிக்கொண்டார்கள். அங்கே மண் மேல் ஒரு முழம்தான், கீழெல்லாம் பாறை. அதனால்தான் நம் ஊரில் ஒரு வீட்டுக்கும் சரியான நிலவறை கிடையாது. 1634-இல் படைவீரர்கள் ஊரைக் கொளுத்தியபோது ஒளிய இடமில்லாமல் அத்தனை பேர் செத்ததற்கும் அதுதான் காரணம்.

ரயில் நமக்குத்தான் வந்திருக்க வேண்டும். வண்டிக்காரர்கள் தங்காமல் போய்விடுவார்கள் என்று பயந்து நம் விடுதிக்காரர்கள் எதிர்த்து மனு எழுதினார்கள். பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து நம் அம்மாவின் தாத்தாவுடையது. அம்மாவிடம் சொல்லாதே.

மூன்று நோட்டுகள் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது இவ்வளவுதான்.

கேட்டுச் சொல் என்றாய். இந்த ஊரின் ஒவ்வொரு வயலையும் முப்பத்தாறு வருடமாக வரைந்துகொண்டிருப்பவள் நான். அதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

உன் அக்கா,
ரோஸ்விதா


ஹாம்பர்க்,
2 ஜூன் 1973

அன்புள்ள ரோஸ்விதா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நோட்டுகள் பொன். கருங்கல், நிலவறை, தீ மூன்றையும் நீ கோத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

போன மாதம் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். நம் ஊரின் பெயர் வரும் மிகப் பழைய பத்திரம் 1312 என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்டைன்ரோடே 1289 என்று காட்டுகிறது. இருபத்து மூன்று வருடம் பின்தங்குகிறோம். அதற்கு முந்தியது ஏதாவது உன் கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் சொல்லியிருப்பாய் என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
லோத்தர்


க்ரேயன்ஃபுர்ட்,
10 ஜூன் 1973

அன்புள்ள லோத்தருக்கு,

தைலம் வந்தது. நன்றி.

நீ ஆராய்ச்சியாளன். நான் கோடு போடுகிறவள். உனக்கே கிடைக்காதது எனக்கு எங்கே கிடைக்கும்?

ரோஸ்விதா


க்ரேயன்ஃபுர்ட்,
4 நவம்பர் 1973

அன்புள்ள லோத்தருக்கு,

நலம். வெளியீட்டு விழா முடிந்து நீ அவசரமாகக் கிளம்பிவிட்டாய், பேச நேரம் கிடைக்கவில்லை. சீக்ரிட்டின் பச்சைக் கோட்டைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு.

புத்தகத்தை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நாற்பத்தைந்தில் நம் படையே பாலத்தை வெடி வைத்துத் தகர்த்த காலையைப் படித்தபோது காது அடைத்தது. அப்படி எனக்கு எழுத வராது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

சில பிழைகள். பக்கம் 41: ஆட்டோடை கிழக்கே ஓடுவதாக எழுதியிருக்கிறாய். அது பிறந்ததிலிருந்து மேற்கேதான் ஓடுகிறது. பக்கம் 58: குன்றின் உயரம் தப்பு. பக்கம் 90: போருக்குப் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிகளுக்குக் கொடுத்த மேட்டு நிலம் "வளமானது" என்கிறாய். அங்கே உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுதான் விளைந்தது. அவர்களைக் கேட்டிருக்கலாம்.

பக்கம் 7. "குறிப்புகளைச் சுத்தமாகப் படியெடுத்து உதவிய என் சகோதரிக்கு நன்றி." இது பிழைத்திருத்தம் அல்ல. நான் எதை யாரிடமிருந்து படியெடுத்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

விழாவில் மேயர் உனக்கு மாலை போட்டபோது நான் பின்வரிசையில் அம்மாவின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறைச்சிக் கடைக்காரர் திரும்பி, "உங்களுக்குப் பெருமையா இருக்குமே, ரோஸ்விதாம்மா?" என்றார். "இருக்காதா பின்னே?" என்றேன். வயிறு எரிந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? நமக்கு அப்பா ஒருவர்தான். தபால்காரர் சம்பளத்தில் அவரால் ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடிந்தது. பையன் என்பதால் உன்னை வைத்தார். எனக்குப் பதினாறு வயதில் அலுவலகத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. பாதிரியாரிடம் பதினொரு வருடம் லத்தீன் கற்றேன். அது யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். அம்மா ஏற்கெனவே உறையில் தபால்தலையை ஒட்டிவிட்டாள்.

உன் அக்கா,
ரோஸ்விதா


ஹாம்பர்க்,
20 நவம்பர் 1973

அன்புள்ள ரோஸ்விதா,

உன் கடிதம் கிடைத்தது. ஓடை விஷயத்தில் நீ சொல்வது சரி. நன்றியுரை அவசரத்தில் எழுதியது.

மாவட்டக் குழுவின் விசாரணை ஜனவரி 17. ஊருக்காக நான் பேசுகிறேன். 1312-ஐ வைத்துக்கொண்டு என்ன முடியுமோ பார்க்கிறேன்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

லோத்தர்


க்ரேயன்ஃபுர்ட்,
20 ஜனவரி 1974

அன்புள்ள லோத்தருக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு நேரம் கடந்தும் அம்மா காத்திருந்தாள். உனக்காகப் பொரித்த முட்டைக்கோஸும் இரத்தத் தொத்திறைச்சியும் அடுப்பின்மேல் அப்படியே இருந்தன. "எங்கடி எம் புள்ள?" என்றாள். அவசர ரயில் என்றேன்.

நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். இருந்தாலும் நான் இருந்த இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது.

ஸ்டைன்ரோடே பள்ளி ஆசிரியர் ஹென்னிங் 1289-ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் பக்கத்து பெஞ்சுகளில் இருந்தவர்கள் காலால் தரையைத் தட்டிப் பாராட்டினார்கள். "பேராசிரியர் ஐயா, உங்க புத்தகமே 1312-ன்னுதானே சொல்லுது? நாங்க வேற என்ன நிரூபிக்கணும்?" என்றார். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். "அதற்கு முந்தைய சான்று என்னிடம் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தாய்.

எழுந்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. நாற்காலி பின்னால் போனது, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னிடம் இருக்கிறது" என்றேன்.

விசாரணை அதிகாரி, "நீங்க யாரு, அம்மா?" என்றார்.

"நில அளவை அலுவலகத்துல வரைபடம் வரையுறவங்க" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. சிரித்தது நம் ஊர்க்காரர்கள்தான்.

கைப்பையிலிருந்து நகலை எடுத்து லத்தீனில் படித்தேன். பிறகு நம் மொழியில் சொன்னேன். 1263, புனித லூக்காவின் திருநாள். ஒரு குறுநில வீரன் தன் மகள் துறவியானபோது "காக்கைத்துறை என்னும் ஊரில் ஆற்றோரத்து ஆலையை" மடத்துக்கு எழுதிக் கொடுக்கிறான். ஹென்னிங் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்க்க நினைத்தார், நான் விடவில்லை. பிறகு அவரே, "இது உண்மைதான்" என்றார். நல்ல மனிதர்.

அதன் பிறகு நடந்த சத்தம் உனக்குத் தெரியும். மேயர் என்னைத் தூக்கியேவிட்டார். "எப்பம்மா கண்டுபிடிச்சீங்க இத?" என்று கேட்டார். "போன வாரம்தான் கண்ணில் பட்டது" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன். கோட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, லோத்தர். பொய் சொல்ல விரும்பவில்லை. வீடு வந்து காலணியைக் கழற்றும்வரை சந்தோஷமாக இருந்தது.

பதில் எழுது.

ரோஸ்விதா


க்ரேயன்ஃபுர்ட்,
24 மார்ச் 1974

லோத்தர்,

இந்த அஞ்சலட்டை அம்மா சொல்லி எழுதுவது. ஈஸ்டருக்கு வருவீர்களா என்று கேட்கிறாள். உனக்காகக் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றியிருக்கிறோம். நலமாக இருக்கிறாயா என்றாவது ஒரு வரி எழுது.

ரோ.


ஹாம்பர்க்,
28 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்கு வராததற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்று மாதம் ஆகிவிட்டது.

நீ மேயரிடம் சொன்னதுபோல் பத்திரம் உன் கண்ணில் பட்டது விசாரணைக்கு முந்தைய வாரத்தில் அல்ல. காப்பகத்தில் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு தாள் வைத்திருப்பார்கள். எடுத்துப் பார்ப்பவர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். 1263-ஆம் ஆண்டுக் கட்டில் இரண்டே பெயர்கள் இருந்தன. 1911-இல் ஒரு பாதிரியார். அவருக்குக் கீழே, 14 ஆகஸ்ட் 1970, ரோஸ்விதா நோல். ஊரே அறிந்த அந்த அழகான கையெழுத்து.

ஆமாம். போன மே மாதமே நான் அதைப் பார்த்துவிட்டேன். பத்திரத்தையும் படித்தேன்.

அதற்குப் பிறகுதான் உனக்குக் கடிதம் எழுதி, முந்தியது ஏதாவது உன் கண்ணில் பட்டதா என்று கேட்டேன். நீ சொல்லியிருந்தால் அச்சிட்டிருப்பேன். சொல்லமாட்டாய் என்றும் தெரியும். நீ இல்லை என்று எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அதைப் புத்தகத்தில் போட்டால், கண்டுபிடித்தவர் யார் என்று எழுத வேண்டும். நானே கண்டேன் என்று எழுத முடியாது, தாளில் உன் பெயர் இருக்கிறது. பேராசிரியன் இருபது வருடம் தேடாததை வரைபடம் வரைகிற அக்கா கண்டுபிடித்தாள் என்று என் புத்தகத்தில் நானே எழுத வேண்டும். கை வரவில்லை. அதற்குப் பதில் ஊர் தன் பெயரை இழந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். "என்னிடம் இல்லை" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

வெட்கப்பட்டு ஓடினேன் என்று ஊர் நினைத்திருக்கும். இல்லை. அவர்கள் உனக்குக் கை தட்டியதைக் கேட்க முடியாமல்தான் ஓடினேன். எனக்கு ஊர் தட்டுவதெல்லாம் விருந்தாளிக்குத் தட்டுவது. அன்று தட்டியது வேறு.

அப்பா தபால் பையோடு சுற்றும்போது உன்னைத்தான் கூட்டிப் போவார். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் சொல்லிக் கொடுப்பார். நான் வீட்டில் இலக்கணம் படித்துக்கொண்டிருப்பேன். ஆட்டோடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை, ரோஸ்விதா. நீ என் படிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

லோத்தர்


க்ரேயன்ஃபுர்ட்,
12 மே 1974

அன்புள்ள லோத்தருக்கு,

அம்மா நலம். நான் நலமா என்று தெரியவில்லை. உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். வரைந்துகொண்டிருந்த கோடு வழுக்கிப் பக்கத்து வயலுக்குள் போய்விட்டது.

யாரிடமும் காட்டமாட்டேன். காட்டினால் என்னுடையதும் வெளியே வரும். நகலைத் திருப்பிப் பார்க்க ஹென்னிங்கை ஏன் விடவில்லை தெரியுமா? பின்பக்கம் 1970 என்று காப்பகத்தின் முத்திரை இருக்கிறது. மூன்று வருடம் அதைத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். முதலில் யாராவது என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். மேயர் வந்து உன்னைக் கேட்ட பிறகு, நீ தோற்பதற்காகக் காத்திருந்தேன். நீ தோற்று உட்கார்ந்த பிறகுதான் எழுந்தேன். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட எழுந்திருக்கமாட்டேன். ஊரைக் காப்பாற்றியவள் என்று பேக்கரியில் எனக்கு இப்போது முதலில் ரொட்டி கொடுக்கிறார்கள். அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

முடிவு வந்துவிட்டது, பத்திரிகையில் பார்த்திருப்பாய். பெயர் நமக்கு. நகர அலுவலகம் ஸ்டைன்ரோடேக்கு, ரயில் நிலையம் அங்கே இருப்பதால். "பேரு நம்ம பக்கம், நாற்காலி அவங்க பக்கம்" என்று மேயர் டிப்பெல் சிரிக்கிறார். அவர் நாற்காலியும் போகிறது.

ஜூலை முதல் தேதி நான் இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் எல்லைக் கோட்டை வரைபடத்திலிருந்து அழிக்க வேண்டும். அதற்கு முன், பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாளான திங்கட்கிழமை, கடைசி முறையாக ஊரோடு சேர்ந்து எல்லையை நடந்து சுற்றுகிறோம். நாற்பத்தொன்பது எல்லைக் கற்கள், பதினேழு கிலோமீட்டர். வரைபடத்தோடு முன்னால் நடப்பது எப்போதும் ஓர் ஆண்தான். இந்த முறை என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ வர வேண்டும். எனக்குப் பின்னால் நடக்க வேண்டும். ஒவ்வொரு வயலின் பெயரையும் சொல்லிக்கொண்டே போவேன். உரக்கத்தான் சொல்வேன், எல்லோருக்கும் கேட்கும்படி. உனக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு உன் புத்தகம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. பாலம் வெடிக்கும் பக்கத்தைத் தனியாக எடுத்துப் படித்துவிட்டு ஒவ்வொரு முறையும் மூடி வைக்கிறேன்.

வழக்கம் உனக்கு நினைவிருக்கும். முதல்முறையாக எல்லை சுற்றும் வெளியூர்க்காரர்களை இரண்டு பேர் கை கால் பிடித்துத் தூக்கி, எல்லைக் கல்லின்மேல் மூன்று முறை பொத்தென்று உட்கார வைப்பார்கள். அதன் பிறகு அவர்களும் ஊர்க்காரர்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற வேலையும் என்னுடையது. சீக்ரிட்டின் பெயரை எழுதினேன். அதன் கீழே உன் பெயரையும் எழுதிவிட்டேன்.

நேற்று முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பரும் கையில்தான் இருந்தது. அழிக்கவில்லை.

கல் கடினமாக இருக்கும், தடித்த கால்சட்டை போட்டுக்கொண்டு வா. ஜன்னல் காற்றில் உன் இருமல் திரும்பிவிடும் என்று அம்மா உன் கட்டிலை மறுபடி சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டாள்.

உன் அக்கா,
ரோஸ்விதா